கழற்றிய காரும் வெட்டிய வயரும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள். கார் கழற்றும் வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் எங்கட ராத்தாவின் மகனும் அவனுடைய இரண்டு கூட்டாளிமாரும் காசு சேர்த்து, அடிபட்டுக் கிடந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினார்கள. பொடி துருப்பிடித்து உக்கிவிட்டது, என்ஜின் மட்டும் நல்லம். என்ஜினையும் கியர்பொக்ஸையும் சில்லுகளையும் கழற்றி, பைப்பில் வெல்டிங் அடித்த சட்டத்தில் பூட்டிச் சின்னதாக ஒரு கார் செய்வதுதான் திட்டம். இப்படி உறுப்புகளைக் கொடுக்கிற பழைய காரை வெளிநாட்டில் 'டோனர் கார்' என்பார்கள், இரத்ததானம் கொடுப்பவரைச் சொல்வது போல.

இரும்பு வேலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. டாஷ்போர்டைக் கழற்றியதும்தான் பயம் பிடித்தது. உள்ளே கைத்தடிமனில் வயர்க் கட்டு, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளை. நான் அந்த நேரம் பார்த்து அங்கே போனேன்.

"மாமா, இத என்ன செய்யிற?"

"என்ஜினுக்கு என்னடா, நாலு வயர் போதும். மத்ததெல்லாம் வெட்டிப் போடுங்க."

வயரிங் தெரியாத நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சேர் சொன்னால் சரி என்று அவர்களும் குறட்டை எடுத்தார்கள். ஒரு பின்னேரத்தில் முழுக் கட்டும் துண்டு துண்டாகிவிட்டது.

மூன்று நாள் கழித்து என்ஜினைச் சட்டத்தில் ஏற்றி, பற்றரி பூட்டி, ஸ்டார்ட் அடித்தார்கள். என்ஜின் மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றியது. கொஞ்சம் எக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்ப்போம் என்று மருமகன் எக்ஸிலேட்டர் கேபிளைக் கையால் பிடித்து இழுத்தான். கேபிள் நெருப்பாய்க் கொதித்திருந்தது. வலது உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. இரண்டு கிழமை பேனை பிடிக்க ஏலாமல் இருந்தான். அவன் உயர்தரம் எழுத இருக்கும் பிள்ளை. ராத்தா இன்னும் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன். பற்றரியின் மின்சாரம் எக்ஸிலேட்டர் கேபிளுக்குள் எப்படிப் போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்த வேலையை 75 வருடத்துக்கு மேலாகச் செய்து, நாங்கள் விட்ட பிழையை எல்லாம் எங்களுக்கு முதலே விட்டவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்களின் கதையைத் தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

*

கார்களில் ஆரம்பத்தில் இவ்வளவு வயர் இருக்கவில்லை. 1908இல் வந்த ஃபோர்ட் மொடல் டி காரில் என்ஜினின் பறவைச் சில்லோடு சேர்ந்த காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கியது. ஸ்டார்ட் அடிப்பது கைப்பிடியால். அந்தக் கைப்பிடி திருப்பி அடித்தால் கை முறியும்.

1912இல் அமெரிக்காவின் கடிலாக் கார், சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரோடு வந்தது. கை தப்பியது. ஆனால் ஸ்டார்ட்டருக்குப் பெரிய பற்றரி வேண்டும், பற்றரியை நிரப்ப டைனமோ வேண்டும். மின்சாரம் காரில் எந்நேரமும் இருக்கிறது என்று ஆனபின் விளக்கு, ஹோர்ன், வைப்பர் எல்லாம் அதன் பின்னால் வந்தன. கார் வயரிங்கின் வரலாறு உண்மையில் அந்த ஸ்டார்ட்டரிலிருந்துதான் வளர்ந்தது.

இதில் ஒரு சிக்கனமும் நடந்தது. வீட்டு மின்குமிழுக்குப் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். காரிலோ உடம்பு முழுக்க இரும்பு. அப்படியென்றால் திரும்பி வருவதற்கு வயர் எதற்கு? பற்றரியின் ஒரு முனையைப் பொடியில் பூட்டினால் பொடியே திரும்பும் பாதையாகிவிடும். நம் கராஜ்களில் 'எர்த்' என்று சொல்வது இதைத்தான். பாதி வயர் மிச்சம், பாதிச் செலவு மிச்சம்.

ஆனால் அந்தப் பாதி கண்ணுக்குத் தெரியாது. காரைக் கழற்றுகிறவன் வயரைப் பார்ப்பான், அதைக் கவனமாக எடுப்பான். பொடியும் சுற்றோட்டத்தில் ஒரு பாகம் என்பது அவன் நினைவுக்கு வராது. பொடியைத் தூக்கி எறியும்போது வயரிங்கில் பாதியையும் சேர்த்து எறிகிறான்.

*

1948இல் லண்டனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த கொலின் சாப்மன் என்ற இளைஞர், தன் காதலியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில் பழைய ஒஸ்டின் 7 ஒன்றைப் பிரித்து, அதன் சட்டத்தில் புதிதாக உடம்பு கட்டினார். பின்னாளில் உலகம் அறிந்த லோட்டஸ் கம்பனியின் முதல் கார் அதுதான்.

ஒஸ்டின் 7 என்பது 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் இலட்சக்கணக்கில் விற்ற சின்னக் கார். யுத்தம் முடிந்தபின் புதுக் கார் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எட்டாது. பழைய ஒஸ்டின் 7களோ ஊரெல்லாம் கிடந்தன. காசில்லாத இளைஞர்கள் அவற்றைப் பிரித்து ஓட்டக் கார் செய்தார்கள். அந்தக் கார்களில் 6 வோல்ட் பற்றரியும் எண்ணிப் பார்க்கக்கூடிய வயர்களும்தான். "நாலு வயர் போதும்" என்று நான் சொன்னது 1948இல் ஓரளவு சரி. எனக்குப் பிழைத்தது காலம்.

1957இல் லோட்டஸ் 7 வந்தது. அது பெட்டிகளில் பாகங்களாக வந்தது, வாங்கியவர் வீட்டில் பூட்ட வேண்டும். காரணம் வரி. பூட்டி முடித்த காருக்கு அரசாங்கம் கொள்வனவு வரி அறவிட்டது, பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வரும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வாசித்துப் பூட்ட வேண்டும்! இந்தக் கதையை லோட்டஸ் ரசிகர்கள் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை, பாடமாகப் பட்டது. கழற்றிய ஒழுங்கை எழுதி வைத்தவனால் மட்டும்தான் திருப்பிப் பூட்ட முடியும்.

1973 ஏப்ரலில் கொள்வனவு வரி போய் பெறுமதி சேர் வரி வந்தது. பெட்டிக் காரின் வரி இலாபம் அதோடு முடிந்தது. அதே வருடம் லோட்டஸ் 7 செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பனிக்குப் போனது. அந்த உருவத்தில் இன்றும் கார் செய்கிறார்கள்.

*

பைப் சட்டத்தில் கட்டும் கார்களில்தான் எர்த் பிரச்சினை வெளியே வந்தது.

டோனர் காரில் பின் விளக்கை இரும்புப் பொடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். வீட்டில் கட்டிய காரில் மட்கார்ட் ஃபைபர்கிளாஸ். அதில் மின்சாரம் ஓடாது. சட்டம் இரும்புதான், ஆனால் அதன் மேல் பூசிய பெயின்ற் மின்சாரத்தைத் தடுக்கும்.

எர்த் கிடைக்காத விளக்கு சும்மா அணைந்து கிடந்தால் பரவாயில்லை. அது வேறு வழி தேடும். பிரேக் மிதித்தால், மின்சாரம் பிரேக் மின்குமிழுக்குள்ளால் போய், பக்கத்திலிருக்கும் சிக்னல் மின்குமிழுக்குள்ளால் திரும்பப் பார்க்கும். பிரேக் விளக்கு மங்கும், சிக்னல் விளக்கு காரணமில்லாமல் இலேசாக எரியும். நம் ஊர் லொறிகளிலும் இதைக் கண்டிருப்பீர்கள். மின்குமிழை மாற்றி மாற்றிக் காசு முடியும். பிழை மின்குமிழில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்க்ரூவில்.

இனி என் மருமகனின் கைக்கு வருவோம்.

என்ஜின் சட்டத்தில் நேரடியாக உட்காருவதில்லை. அதிர்வு தெரியாமலிருக்க இரப்பர் மவுண்டிங் மேல் உட்காரும். இரப்பரில் மின்சாரம் ஓடாது. ஆகவே கார் செய்கிறவர்கள் என்ஜினுக்கும் பொடிக்கும் நடுவில் பின்னல் போல் ஒரு தடித்த செப்புப் பட்டியைப் பூட்டுவார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும், அதெல்லாம் திரும்பிப் போவது அந்தப் பட்டி வழியாக. எங்கள் பிள்ளைகள் அதைக் கழற்றிப் பழைய இரும்பு வாளிக்குள் போட்டுவிட்டார்கள்.

பட்டி இல்லாவிட்டால் அந்த மின்சாரத்துக்கு என்ஜினிலிருந்து சட்டத்துக்குப் போக என்ன பாதை இருக்கிறது? எக்ஸிலேட்டர் கேபிள். அதன் ஒரு முனை என்ஜினில், மறுமுனை சட்டத்தில். மெல்லிய கம்பிக்குள்ளால் அவ்வளவு மின்சாரமும் போனால் அது ஹீட்டர் கம்பி போலக் கொதிக்கும். இங்கிலாந்தில் இப்படிக் கிளச் கேபிளும் எக்ஸிலேட்டர் கேபிளும் எரிந்த கதை வீட்டில் கார் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அதைத் தோலில் படித்தோம்.

*

நம் நாட்டுக்கு நேரே சம்பந்தப்பட்ட ஒரு பகுதியும் இதில் இருக்கிறது.

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் எல்லாம் நம் வாப்பாமார் காலத்தில் ஓடியவை, சில இன்னும் ஓடுகின்றன. அவற்றின் மின்சாமான் பெரும்பாலும் பேர்மிங்ஹாமிலிருந்த லூக்காஸ் கம்பனியுடையது. விளக்குச் செய்து தொழிலைத் தொடங்கிய ஜோசப் லூக்காஸின் கம்பனிக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பகிடிப் பெயர் வைத்தார்கள் ஆங்கிலேயர்கள், அதன் விளக்குகள் அடிக்கடி அணைவதால். ஆனால் அந்தக் கார்களில் ஒரு பெரிய நன்மையும் இருந்தது: நிற ஒழுங்கு. மண்ணிறம் என்றால் பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, திறப்புப் போட்டபின் வருவது. பச்சை, அதே மின்சாரம் பியூஸ் தாண்டி வருவது. நீலம் முன் விளக்கு, சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு எர்த். மொரிஸ் மைனரில் பியூஸே இரண்டுதான். இந்த ஒழுங்கைப் பாடமாக்கிய ஒரு வயரிங் பாஸுக்கு எந்த ஆங்கிலக் காரும் திறந்த புத்தகம்.

ஜேர்மன்காரர்கள் நிறத்தை விட இலக்கத்தை நம்பினார்கள். 30 பற்றரி, 15 திறப்பு, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். இன்று நீங்கள் வாங்கும் ரெலேயின் காலில் 30, 85, 86, 87 என்று இருப்பது அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு பொறியும் இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களில் பற்றரியின் நேர் முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். 1960களின் கடைசியில் டைனமோ போய் ஓல்டனேட்டர் வந்தபோது எதிர் முனையை எர்த் ஆக்கினார்கள். ஓல்டனேட்டருக்குள் இருக்கும் டையோட், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும். புது டோனர் காரின் ஓல்டனேட்டரைப் பழைய காரில் அப்படியே பூட்டிப் பற்றரியைக் கொடுத்தவர்களுக்கு டையோட் அந்த நிமிடமே எரிந்தது. இரண்டு காலத்துச் சாமானைச் சேர்க்கிறவன் இரண்டு காலத்து வழக்கத்தையும் தெரிந்திருக்க வேண்டும்.

*

1996இல் வந்த ஒரு புத்தகம் இந்த வேலையைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது. எழுதியவர் ரொன் சாம்பியன், அவுண்டில் என்ற ஊர்ப் பாடசாலையில் வேலை செய்தவர். பாடசாலை வேலைத்தளத்தில் கார் கட்டிய அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. வெறும் 250 பவுணுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். லோட்டஸ் 7 உருவம், பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட் டோனர். 'லோகொஸ்ட்' என்ற பெயரில் உலகம் முழுக்க அப்படிக் கார் கட்டினார்கள். பாடசாலையில் வேலை செய்யும் எனக்கு இந்தப் பகுதி கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எஸ்கோர்ட் எளிமையான கார். ஆனாலும் இரண்டு இடத்தில் ஆட்களைப் பிடித்தது.

ஒன்று, சார்ஜ் விளக்கு. திறப்புப் போட்டதும் டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் பற்றரி விளக்கு சும்மா அடையாளத்துக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் காலத்து ஓல்டனேட்டர் வேலையைத் தொடங்க முதலில் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அது போவது அந்த மின்குமிழுக்குள்ளால்தான். டாஷ்போர்டைத் தேவையில்லை என்று எறிந்தவர்களுக்கு பற்றரி சார்ஜ் ஆகவில்லை. நல்ல ஓல்டனேட்டரை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கினார்கள், அதுவும் சார்ஜ் ஆகவில்லை. வேண்டியிருந்தது ஒரு சின்ன மின்குமிழ்.

இரண்டு, தடை வயர். அந்தக் காலத்து ஃபோர்ட் கார்கள் சிலவற்றில் கொயிலுக்குப் போகும் வயர் பார்க்கச் சாதாரண வயர்தான், ஆனால் வேண்டுமென்றே தடை கூட்டிச் செய்தது. கொயிலுக்கு முழு 12 வோல்ட்டும் போகாமல் அது குறைக்கும். அது பழசாகிவிட்டது என்று புது வயர் போட்டவர்களின் கார் நன்றாக ஓடியது, கொஞ்சத் தூரம். பிறகு கொயில் சூடாகிக் கெட்டது. எல்லாம் ஒழுங்காகச் செய்தேனே என்று மனிதன் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பான்.

*

எஸ்கோர்ட்கள் குறைந்ததும் ஃபோர்ட் சியராவையும், 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5ஐயும் கழற்றத் தொடங்கினார்கள். இங்கே கணினி வந்துவிட்டது. முதல் 1.6 எம்எக்ஸ்-5இல் என்ஜினுக்குப் போகும் காற்றை அளக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கும். காற்று இழுத்துக் கதவு திறந்தால்தான் பெற்றோல் பம்ப் தொடர்ந்து ஓடும். கார் கவிழ்ந்து என்ஜின் நின்றால் பெற்றோல் ஊற்றாமலிருக்கச் செய்த காவல் அது. இதைத் தெரியாமல் அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு பம்பில் பிழை தேடினார்கள் பலர்.

1998 ஒக்டோபர் முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு சட்டமானது. திறப்புக்குள் சிப். என்ஜின், கணினி, திறப்பு மூன்றும் ஒரு குடும்பம். திறப்பைத் தொலைத்துவிட்டு என்ஜினை மட்டும் வாங்கினால் அது ஒரு இரும்புக் கட்டி.

அதற்கு மேல், ஜேர்மனியின் பொஷ் கம்பனி 1986இல் வெளியிட்ட 'கேன்' முறை. ஒவ்வொரு வேலைக்கும் தனி வயர் இழுக்காமல், இரண்டு வயரில் எல்லாக் கணினிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வட்ஸ்அப் குழு மாதிரி. ஒருவர் குழுவிலிருந்து போனால் மற்றவர்கள் தேடுவார்கள். இன்றைய காரில் பிரேக் கணினியைக் கழற்றி எறிந்தால் என்ஜின் கணினி முறைப்பாடு வைப்பது அதனால்தான்.

1948இல் காரில் தெரிந்திருக்க வேண்டியது எந்த வயர் எங்கே போகிறது என்பது. இன்று எந்தப் பெட்டி யாரோடு பேசுகிறது என்பது. குறடு மட்டும் மாறவில்லை. அது 1948இலும் வெட்டியது, இன்றும் அதே சுலபத்தில் வெட்டும்.

*

எங்கள் கதையின் முடிவு.

40 வருடமாக வயரிங் செய்த ஒரு காக்கா எங்கள் ஊரில் இருக்கிறார். இப்போது கண் பார்வை குறைவு, கராஜை மூடிவிட்டார். அவரைக் கூட்டி வந்தோம். அவர் முதலில் பழைய இரும்பு வாளியைக் கவிழ்த்து அந்தச் செப்புப் பட்டியைத் தேடி எடுத்தார். சட்டத்தில் ஒரு இடத்தில் பெயின்றைச் சுரண்டி, பட்டியை இறுக்கினார். ஸ்டார்ட்டர் ஒரு சத்தத்தோடு சுற்றியது. கேபிள் குளிராகவே இருந்தது.

பிறகு வெட்டிய வயர்த் துண்டுகளை விறாந்தையில் பாயில் பரப்பச் சொன்னார். மருமகன் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து நிறம் சொல்ல, மற்றப் பிள்ளை மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்ட, காக்கா கண்ணை மூடிக்கொண்டு, "அது பம்புக்கு... அது விசிறிக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினொரு இரவு. என்ஜின் இப்போது ஓடுகிறது. சார்ஜ் ஆகிறது. சிக்னல் இன்னும் சரியில்லை.

கழற்றுகிற பிள்ளைகளுக்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

1. கழற்ற முதல் காரை ஓட விடு. எல்லா விளக்கும் வைப்பரும் வேலை செய்கிறதா என்று எழுதி வை. முதலே கெட்டுக் கிடந்ததை உன் பிழை என்று பிறகு தேடாதே.
2. எர்த் முனையை முதலில் கழற்று, கடைசியில் பூட்டு.
3. எயார்பேக் உள்ள கார் என்றால் பற்றரியைக் கழற்றிவிட்டுப் பொறு. அது வெடிமருந்து. மஞ்சள் கனெக்டரில் விளையாடாதே. தெரிந்தவரைக் கூப்பிடு.
4. வெட்டாதே. கனெக்டரில் கழற்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டு, ஃபோனில் படம் எடு.
5. என்ஜினுக்கு, சட்டத்துக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர் தனியாக இழு.
6. பியூஸ் போனால் காரணம் தேடு. பெரிய பியூஸ் போடாதே, ஈயத்தாள் சுற்றாதே. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

நான் அன்று சொன்ன "வெட்டிப் போடுங்க" என்ற சொல்லை எல்லாருக்கும் முன்னால் திருப்பி எடுக்கிறேன். ராத்தா, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். மாப் பண்ணுங்க.

ஒரு வேண்டுகோள். காக்காவிடம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பி இருக்கிறது. 40 வருடத்தில் கண்ட கார்களின் வயர் நிறம் எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கிறேன், பாடசாலையில் ஒரு பிரதி இருக்கும். இப்படிக் கொப்பி உங்கள் வாப்பாவிடமோ மாமாவிடமோ இருந்தால், பழைய பேப்பருக்குப் போடாமல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். நானே வந்து படம் எடுத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தருவேன்.